எங்கள் சீனியர் ஐகோர்ட் நீதிபதியான பிறகு

என் சீனியர் வக்கீலின் பெயர் ஐகோர்ட் நீதிபதி பதவிக்குப் போயிருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னவர், திண்டுக்கல் கோர்ட் வாசலில் டீக்கடை வைத்திருந்தவர்தான். அதே சீனியரிடம் வருஷக்கணக்கில் ஜூனியராக இருந்த எனக்குத் தெரியாத சங்கதி அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"டீ குடிக்க வார ஆளுக பேசுறதக் கேக்குறதுதாம்மா. சென்னையில ஒரு ஜட்ஜய்யா ரிடையர் ஆகி எடம் சும்மா கெடக்காம்ல. தெக்கத்தி ஆளாப் பாத்துப் போடணும்னு பேச்சாம். நம்ம சார் பேரும் அதுல இருக்காம்" என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, "சார் போயிட்டா இங்க கட்சிய யாரும்மா பாத்துக்குவா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் சரியான கேள்வி என்பது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது.

நான் அந்த அலுவலகத்தில் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். திண்டுக்கல்லில் எங்களுடையது கத்தோலிக்க ஆசிரியர் குடும்பம். அப்பா, அம்மா, பெரியம்மா, சித்தப்பா எல்லாருக்கும் கையில் சாக்பீஸ். மதுரையில் சட்டம் படித்து வந்த நான் மட்டும் கறுப்பு கவுன் வாங்கினேன். சீனியரிடம் என்னை அப்பா கூட்டிக்கொண்டு போனபோது அவர் மதிப்பெண் கேட்கவில்லை. "சனிக்கிழமை வருவீங்களாம்மா?" என்றுதான் கேட்டார். வருவேன் என்றேன். அவ்வளவுதான் இன்டர்வியூ.

சனிக்கிழமைக்கு அப்படி ஒரு முக்கியத்துவம் இருந்தது. சீனியர் வாரம் முழுக்கச் சென்னையில் ஐகோர்ட்டில் இருப்பார். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலேறி சனிக்கிழமை காலையில் திண்டுக்கல் வந்து இறங்குவார். குளித்துச் சாப்பிட்டு வீட்டின் முன்ஹாலில் வந்து உட்காரும்போது கட்சிக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். வக்கீல் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. வழக்கு போட வந்தவர்களைத்தான் கட்சிக்காரர்கள் என்போம். ஆனால் பதினோரு மணி தாண்டினால் நிஜமான கட்சிக்காரர்கள் வருவார்கள். வெள்ளைச் சட்டை, கட்சிக் கரை போட்ட வேட்டி.

சீனியருக்குக் கட்சியில் எந்தப் பொறுப்பும் கிடையாது. மேடை ஏறியதில்லை. கரை வேட்டி கட்டியதில்லை. மறியலில் கைதானவர்களை ஜாமீனில் எடுப்பார், தேர்தல் வழக்கு நடத்துவார். அதையெல்லாம் விடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. எங்கள் நகரச் செயலாளருக்கும், மேற்கே இருந்த ஒன்றியச் செயலாளருக்கும் ஆகாது. ஒரே கட்சி, ஒரே கொடி, ஆனால் ஒருவர் மேடையில் இருந்தால் மற்றவர் ஏற மாட்டார். அந்த இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசும் இடம் உலகத்திலேயே சீனியர் வீட்டு முன்ஹால் ஒன்றுதான்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் பார்க்க வேண்டும். நகரச் செயலாளர் நகராட்சியில் சில வார்டுகளை ஒன்றியத்துக்காரரின் ஆட்களுக்கு விட வேண்டும். ஒன்றியச் செயலாளர் பதிலுக்குத் தன் ஒன்றியத்தில் சில வார்டுகளை இவர் ஆட்களுக்கு விட வேண்டும். இதுதான் சீனியர் போட்டுவைத்த ஒப்பந்தம். இருவரும் கத்துவார்கள். சீனியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். கத்தி முடித்து இருவரும் தண்ணீர் கேட்கும்போது, "சரி, இப்படி வச்சுக்குவோம்" என்று ஆரம்பிப்பார். அதற்குமேல் விவாதம் கிடையாது. இருவரும் எழுந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல், அவருக்கு மட்டும் கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

டீக்கடைக்காரர் சொன்னது உண்மை என்பதைக் குமாஸ்தா மறுநாளே உறுதி செய்தார். சீனியரிடம் முப்பது வருஷம் இருந்தவர் அவர். "நீங்க கேட்டதாக் காட்டிக்கிறாதீங்கம்மா. சாரு கோவிச்சுக்குவாரு" என்று மட்டும் சொன்னார்.

சீனியர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஊர் சொல்லிக்கொண்டே இருந்தது. பெயர் சென்னையிலிருந்து கிளம்ப வேண்டும், மாநில அரசு பார்க்க வேண்டும், டெல்லி பார்க்க வேண்டும், அங்கே உச்ச நீதிமன்றத்தில் பார்க்க வேண்டும், பிறகு ஜனாதிபதி கையெழுத்து. இந்த வழித்தடம் முழுவதும் திண்டுக்கல்லில் சலூன்காரர்களுக்குக்கூட மனப்பாடம் ஆனது. ஒருநாள் சஃபாரி சூட் போட்ட ஒருவர் வந்து, தனக்கு ஒரு சொத்துத் தகராறு என்று சொல்லி உட்கார்ந்து, சொத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், சார் எப்படி, குடிப்பாரா, கடன் உண்டா, கோவிலுக்குப் போவாரா, எந்தக் கட்சி என்றெல்லாம் விசாரித்தார். குமாஸ்தா அவருக்கு இரண்டு காபி கொடுத்தார். "எங்க சாருக்கு ஒரே கட்சிதாங்க. எவன் வழக்கு வச்சிருக்கானோ அவன்தான் கட்சி" என்றார். உளவுத் துறையிலிருந்து வந்தவர் போல; சிரிக்காமல் எழுந்து போனார்.

அடுத்து சுவரொட்டி. சீனியரின் சாதிச் சங்கத்துக்காரர்கள் பேருந்து நிலையத்தைச் சுற்றி, 'எங்கள் சமுதாயத்தின் முதல் நீதியரசரை வருக வருக என' என்று ஒட்டிவிட்டார்கள். உத்தரவே வரவில்லை, வருக வருக மட்டும் வந்துவிட்டது. சீனியர் சென்னையிலிருந்து போன் செய்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். குமாஸ்தாவும் ஆட்களும் போய் விடிவதற்குள் கிழித்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது எங்கள் பங்குச் சாமியார்கூட என்னை நிறுத்தி, "இந்தத் தடவை உங்க சீனியர். அடுத்த காலியிடத்துக்கு நம்ம சனத்துல யாரையாச்சும் சொல்லுவாங்களா?" என்று கேட்டார். ஒரே ஒரு நாற்காலிதான். அதில் உட்கார ஊரில் பாதிப் பேர் மனதளவில் தயாராக இருந்தார்கள்.

நகரச் செயலாளர், தான் சென்னைக்குப் போய்ப் பேசியதால்தான் பெயர் நகர்ந்தது என்றார். ஒன்றியச் செயலாளர், தான் டெல்லிக்கே ஆள் அனுப்பியதாகச் சொன்னார். உண்மையில் யாரால் நகர்ந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. சீனியர் நல்ல வக்கீல். அது தெரியும். அவர் எழுந்து நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல்கள் தங்கள் வழக்குக் கட்டை மறுபடி புரட்டிப் பார்ப்பார்கள். இந்தக் காரணத்தை மட்டும் ஊரில் யாரும் சொல்லவில்லை.

பெயர் மேலிடத்துக்குப் போன பிறகு சீனியர் செய்த ஒரு காரியம் அப்போது சின்னதாகத் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு செயலாளர்களையும் பார்த்து, "இனிமே அரசியல் பேச இங்க வர வேண்டாம்ப்பா" என்றார்.

"எம்புட்டு நாளைக்குண்ணே?" என்றார் நகரச் செயலாளர்.

"இனிமேன்னா இனிமேதான்."

இருவரும் அதை நம்பவில்லை. பதவி வரும்வரை ஜாக்கிரதையாக இருக்கிறார் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உத்தரவு வந்தது. மதுரையில் ஐகோர்ட் கிளை திறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஆனால் பதவியேற்பு சென்னையில். திண்டுக்கல்லிலிருந்து ஏழெட்டு வேன்கள் கிளம்பின. நகரத்து வேன்கள் தனி, ஒன்றியத்து வேன்கள் தனி. காலையில் ஐகோர்ட் வளாகத்துக்கு வெளியே எல்லாரும் இறங்கியபோது குமாஸ்தா வெளிறிப்போய் என்னிடம் ஓடி வந்தார். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கரை வேட்டி. துண்டும் அதே கரை.

"சாரு வேணாம்னு சொல்லியும் கட்டிட்டு வந்துருக்காய்ங்கம்மா. இப்பிடியே உள்ள போனா நாளைக்குப் பேப்பர்ல கரைதான் வரும், சாரு வர மாட்டாரு."

நான் நகரச் செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏம்மா, இந்தக் கரைக்காக ஜெயிலுக்குப் போனவய்ங்க நாங்க. இதக் கழட்டிட்டு உள்ள போகணும்னா அது என்னம்மா மரியாத?"

"கழட்ட வேண்டாண்ணே. சாருக்காக மாத்திக்கங்க. உள்ள இருக்கப் போறது இன்னைக்கு ஒரு மணி நேரம். சார் இருக்கப் போறது பல வருஷம்."

அவர் தன் வேட்டிக் கரையைக் குனிந்து பார்த்தார். பிறகு தன் ஆட்களில் இருவரைக் கூப்பிட்டு, பாரிமுனைப் பக்கம் கடை திறந்திருக்கும், கரையில்லாத வேட்டி கிடைத்த மட்டும் வாங்கி வா என்று அனுப்பினார். அதைப் பார்த்த ஒன்றியச் செயலாளரும் உடனே தன் ஆட்களை அனுப்பினார். வேனுக்குப் பின்னால் நின்று ஐம்பது அறுபது ஆண்கள் வேட்டி மாற்றிய காட்சியை நான் பார்க்கவில்லை. மாற்றி வந்த வேட்டிகளில் கடை மடிப்பு கலையாமல் நின்றதைப் பார்த்தேன். துண்டுகளைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

சீனியர் உறுதிமொழி வாசித்தார். கறுப்பு கோட்டில் அவரைப் பலமுறை பார்த்த கண்தான். இருந்தும் அன்று அவர் எங்கள் பக்கம் திரும்பிக் கும்பிட்டபோது ஒரு தூரம் விழுந்திருந்தது. அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தூரம் இருந்தால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும்.

ஊர் திரும்பியதும் கட்டுகளைப் பிரிக்கும் வேலை. நீதிபதியானவர் பெயரில் வழக்குகள் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வழக்குக்கும் வக்காலத்து மாற்ற வேண்டும். சிலர் கட்டை வாங்கிக்கொண்டு பெரிய வக்கீல்களிடம் போனார்கள். பலர் என்னிடமே இருந்தார்கள். கோர்ட்டுக்குப் பின்தெருவில், ஒரு மருந்துக்கடை மாடியில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தேன். குமாஸ்தா என்னோடு வந்தார். சீனியர் வீடு பூட்டிக் கிடந்தது.

முதல் சனிக்கிழமை பதினோரு மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம். முதலில் நகரச் செயலாளர். பின்னாலேயே ஒன்றியச் செயலாளர். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. பழக்கம் அவர்களைக் கூட்டி வந்திருந்தது. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது.

நகரச் செயலாளர்தான் ஆரம்பித்தார். "வழக்கம்போல ஒன்றியத்துல நாலஞ்சு வார்டு எங்க ஆளுகளுக்கு வேணும்."

"அதெல்லாம் முடியாதுங்க" என்றார் ஒன்றியச் செயலாளர். அவர் ஒட்டன்சத்திரத்துப் பக்கம். காய்கறி மண்டி வைத்திருந்தார். கோபத்திலும் 'ங்க' விட மாட்டார். "அப்போ ஐயா சொன்னாரு, கேட்டமுங்க. இப்போ யாரு சொல்றதுங்க?"

இருவரும் கத்தினார்கள். தண்ணீர் குடித்தார்கள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எதிர்பார்த்திருந்த தருணம்தான் அது. வெளியே சொல்லாவிட்டாலும், வீட்டில் யோசித்து வைத்திருந்தேன். "அண்ணே, ரெண்டு பேருக்கும் சொல்றேன். உங்க மேல வழக்கு வந்தா நான் நடத்துறேன். நீங்க வழக்குப் போடணும்னாலும் நடத்துறேன். வார்டு பிரிக்கிறது என் வேலை இல்ல" என்றேன்.

"சாரு செஞ்சாருல்ல?"

"சாருக்கு உங்க ரெண்டு பேரு மேலயும் அம்புட்டு உரிமை இருந்துச்சு. எனக்கு அது வேண்டாம்."

ஒன்றியச் செயலாளர் எழுந்து, "அப்படின்னா நாங்களே பாத்துக்கறமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நகரச் செயலாளர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "நீ செஞ்சிருக்கலாம் பாப்பா" என்றார். "நீ சொன்னா கேட்டிருப்போம்." கேட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அடுத்த மாதமே ரெட்டியார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நிலத்தில் மல்லிகை போட்டிருந்தார். விடிவதற்கு முன்னால் பூப்பறித்து முதல் பஸ்ஸில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு, நேராக என் அலுவலகம். கூட ஏழெட்டுப் பேர், பெரும்பாலும் பெண்கள். விஷயம் எனக்குத் தெரிந்ததுதான். அவர்கள் கண்மாய்க்கு வரும் வாய்க்காலை ஒட்டி செங்கல் சுடும் காளவாசல் ஒன்று. மண் வெட்டி வெட்டி வாய்க்காலையே மறித்து மேடாக்கியிருந்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் கண்மாய்க்கு வராமல் ரோட்டுப் பக்கம் ஓடியது. காளவாசல் ஒன்றியச் செயலாளரின் மச்சானுடையது.

"சாரு வீட்டுக்கு ரெண்டு மூணு வாட்டி வந்தோம் தாயி" என்றார் அந்தப் பெண். "கேசு வேணாம், பேசி முடிச்சுக்குவோம்னாரு. பேசவும் செஞ்சாரு, பொய் சொல்லக் கூடாது. அவனும் செத்த நாள் அடங்கியிருப்பான். பெறகு திரும்ப வெட்டுவான். இப்ப சாரும் மேல போயிட்டாரு. இனிமே யாருகிட்டப் பேசி முடிக்கிறது? அதான் கேசே போட்டுருவம்னு வந்துட்டோம்."

"ஒன்றியச் செயலாளரும் எங்கிட்ட வந்து போற ஆளுதான். தெரியுமில்ல?"

"தெரியும். அவரு கேசும் உங்ககிட்டதான் இருக்கா?"

"இல்லை. சாரு போனப்பவே அவரு வேற வக்கீல்கிட்டப் போயிட்டாரு."

"அப்பப் போடுங்க."

மதுரைக் கிளையில் ரிட் மனு தாக்கல் செய்தேன். முன்பு இப்படி ஒரு வழக்கு என்றால் சென்னைக்குப் போக வேண்டும். பூ விற்கும் பெண்களால் அது முடியாது. இப்போது திண்டுக்கல்லில் பஸ் ஏறி மதுரை போய்விட்டுச் சாயங்காலம் பூக்கட்ட வீட்டுக்கு வந்துவிடலாம்.

வழக்கு போட்டது தெரிந்ததும் ஒரு புதுப் பேச்சு கிளம்பியது. கிராமத்தில், "நம்ம வக்கீலம்மாவோட சாருதானே மேல ஜட்ஜு. கண்டிப்பா ஜெயிச்சிருவோம்" என்றார்கள். ஒன்றியச் செயலாளர் பக்கத்திலோ, "ஐயா நம்ம ஆளு. நமக்கு எதிரா எழுதுவாரா?" என்றார்கள். ஒரே மனிதரை இரண்டு பக்கத்தாரும் தங்கள் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். நான் கிராமத்துக்கே போய்ச் சாவடியில் நின்று சொன்னேன்: "சார் பேரை யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தா நான் இந்தக் கேஸ்ல இருந்து விலகிடுவேன்." ஒரு கிழவர், "அப்பச் சாரு அங்க போனதுல நமக்கு என்னதாம்மா லாபம்?" என்று கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார். "உங்க ஊரு ஆளு ஒருத்தர் அங்க இருக்காரு. அவர் கிட்ட நீங்க எதுவும் கேக்கலை. அதுதான் லாபம்" என்றேன். அவருக்கு அது போதவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

சீனியர் அந்தச் சமயத்தில் மதுரைக் கிளைக்கு முறை வந்து அமர்ந்திருந்தார். இரண்டு நீதிபதிகள் அமர்வில் அவர் இளையவர். எங்கள் வழக்கு அந்த அமர்விலேயே பட்டியலில் வந்துவிட்டது. அன்று காலை நான் கோர்ட் ஹாலில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பூக்காரப் பெண்ணும் இரண்டு பேரும் சுவரோரம் நின்றார்கள். எதிர்ப்பக்கம் ஒன்றியச் செயலாளரின் மச்சான், புதுச் சட்டையில், தைரியமாக.

எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து முன்னால் போனேன். வாயைத் திறக்கும் முன் சீனியர் பக்கத்து நீதிபதியின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். மூத்த நீதிபதி கட்டை மூடிவிட்டு, "இந்த வழக்கு வேறு அமர்வின் முன் பட்டியலிடப்படட்டும்" என்றார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சீனியர் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் பூக்காரப் பெண் பதறிப்போய் ஓடி வந்தார். "என்ன தாயி, தள்ளிவிட்டுட்டாகளா?"

"தள்ளல. வேற ஜட்ஜுக கேப்பாங்க. சார் நம்ம ரெண்டு பக்கத்தையும் தெரிஞ்சவர். அதனால அவர் கேக்கக் கூடாது. அவரே விலகிட்டார்."

அந்தப் பெண் எதிர்ப்பக்கம் திரும்பினார். எதிரே மச்சான் செல்போனில் யாரிடமோ கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் இவர் முகத்தில் தெளிவு வந்தது. "அப்ப அவனுக்கும் இல்ல. சரிதான்" என்றார்.

ஒன்றியச் செயலாளர் அந்த வாரமே மாடி ஏறி வந்தார். உட்காரவில்லை. "ஏனுங்க, ஐயா நம்மளையெல்லாம் மறந்துட்டாருங்களா?" என்றார். கோபத்தைவிட அதில் வருத்தம்தான் அதிகம். தன் குடும்பத்தில் ஒருவர் போல நினைத்தவர். பதவியேற்புக்கு வேன் பிடித்துப் போனவர். கரையில்லாத வேட்டி கட்டியவர்.

"மறக்கல அண்ணே. ஞாபகம் இருக்கிறதாலதான் விலகினாரு."

"அதெல்லாம் வக்கீல் பேச்சுங்க. எலெக்‌ஷன் வரட்டும் பாக்கலாமுங்க."

தேர்தல் வந்தது. நடுவில் உட்கார்ந்து பிரித்துக்கொடுக்க ஆள் இல்லாமல் நடந்த முதல் தேர்தல். ஒன்றியச் செயலாளர் எந்த வார்டையும் விடவில்லை. நகரச் செயலாளரின் ஆட்கள் ஒன்றியம் முழுக்கச் சுயேச்சையாக நின்றார்கள். நகராட்சியில் பதிலுக்கு ஒன்றியத்து ஆட்கள் நின்றார்கள். ஒரே கொடிக்கம்பத்துக்கு அடியில் இரண்டு மைக் செட் கட்டி எதிரெதிராகப் பேசியதை நான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். வண்டியில் ஒருவர், "ஒரு மனுசனை மேல ஏத்திவிட்டுட்டு இங்க ரெண்டாப் பொளந்துக்கிட்டாய்ங்க" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பூக்காரப் பெண் தன் வார்டில் ஒன்றியக் கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நின்றார். அது என் யோசனை இல்லை. வேட்புமனு போட்ட பிறகுதான் என்னிடம் சொன்னார். அந்த வார்டில் கட்சி வேட்பாளர் காளவாசல் மச்சானேதான். எதிர்த்து நகரச் செயலாளரின் ஆள் ஒருவர். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர். மற்ற ஓட்டெல்லாம் அந்த மூவருக்கும் பிரிந்தது. பூக்காரர்களும் கண்மாய்ப் பாசனத்துக்காரர்களும் மொத்தமாக இவருக்குப் போட்டார்கள். ஜெயித்துவிட்டார். ஓட்டு எண்ணும் இடத்திலிருந்து எனக்குப் போன் வந்தபோது பின்னணியில் குலவைச் சத்தம்.

தேர்தலுக்கு முன்பே எங்கள் வழக்கில் வேறு அமர்வு உத்தரவு போட்டிருந்தது. வாய்க்காலை அளந்து ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும் என்று கலெக்டருக்கு. உத்தரவு வந்தும் ஒரு மண்வெட்டி விழவில்லை. சர்வேயர் லீவு. தாசில்தார் மாறுதல். நான் அவமதிப்பு மனு தயார் செய்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒன்றியக் குழுவில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை என்பது தெரிந்தது. தலைவரைக் கவுன்சிலர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். கவுன்சிலராகி அந்தப் பதவிக்கு நின்ற ஒன்றியச் செயலாளருக்கும், எதிர்த்து நின்ற எதிர்க்கட்சிக்காரருக்கும் சமமாக ஆள் இருந்தது. நகரச் செயலாளரின் சுயேச்சைகள் பழி தீர்க்க எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். அதையும் சேர்த்துத்தான் சமம். மிச்சம் இருந்தது பூக்காரப் பெண்ணின் ஒரு ஓட்டு.

அவர் வீட்டுக்கு இரண்டு பக்கத்துக் காரும் வந்தன. சேலை வந்தது, பழத்தட்டு வந்தது. அவர் எதையும் வாங்கவில்லை. என்னிடம் வந்து கேட்டார்.

"யாரு வாய்க்காலைத் தொறந்து விடுறாகளோ அவுகளுக்கு என் ஓட்டுன்னு சொல்லிட்டேன் தாயி. இது தப்பா?"

"கோர்ட்டு சொன்னதை நடத்திக் குடுன்னு கேக்கிறதுல தப்பென்ன இருக்கு. உங்களுக்குன்னு எதுவும் கேக்காதீங்க."

"எனக்கு எதுக்கு? எனக்கும் தண்ணி அதே வாய்க்கால்லதான வருது."

எதிர்க்கட்சிக்காரர் பார்க்கலாம் என்றார். ஒன்றியச் செயலாளர் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. தலைவர் தேர்தலுக்கு முன்னால் ஒரு காலை எனக்குப் போன் செய்து, "நீங்களும் வந்து பாருங்க. அப்பறம் செய்யலைன்னு சொல்லக் கூடாதுங்க" என்றார்.

நான் போனேன். லீவில் இருந்த சர்வேயர் அளவுச் சங்கிலியோடு நின்றார். தாசில்தார் ஜீப் நின்றது. ஜேசிபி வாய்க்காலில் இறங்கி மச்சான் குவித்து வைத்திருந்த மண்ணை வாரி எடுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தது. சுடாத பச்சைக் கல் அடுக்குகள் சில அதோடு சரிந்தன. ஒன்றியச் செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்று, "இன்னும் ரெண்டு அடி உள்ள போங்க, அளவு அங்கதான் வருது" என்று டிரைவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சான் தூரத்தில் மோட்டார்சைக்கிளில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் வரவில்லை.

"உங்க மச்சான் பேச மாட்டாரே இனிமே" என்றேன்.

"வருஷம் ஒரு தடவ கோயில் கும்பிடுக்குப் பேசிக்குவாருங்க" என்றார். பிறகு, "ஐயா இருந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதுங்க" என்றார்.

பூக்காரப் பெண் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அவர் ஓட்டில்தான் ஒன்றியச் செயலாளர் ஒன்றியத் தலைவரானார். கிராமத்தில் சிலர், போயும் போயும் அவருக்கா என்று திட்டினார்கள். "எனக்கு வாய்க்காத் தொறந்தவரு அவருதான். வேற யாரு வந்தா?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தார். பதவியேற்ற முதல் கூட்டத்திலேயே எழுந்து, கண்மாய் மடைக்குக் கதவு போடச் சொல்லித் தீர்மானம் கேட்டார். தலைவர் மறுக்கவில்லை. மறுக்கும் நிலையில் அவர் இல்லை.

நகரச் செயலாளர் அடுத்த வருஷம் வேறு கட்சிக்குப் போனார். நல்லதொரு மேடை கிடைத்தது அவருக்கு. சனிக்கிழமைகளில் அதற்குப் பிறகும் என் மாடிக்கு வருவார், வழக்கோடு. ஒன்றியத் தலைவரும் வருவார், வழக்கோடு. ஒருவருக்குப் பத்து மணி, மற்றவருக்குச் சாயங்காலம் என்று குமாஸ்தா பிரித்து வைத்திருந்தார். என் வேலை பெருகியது. பெரிய அறையாகப் பார்த்து மாறினேன். இரண்டு ஜூனியர்கள் சேர்ந்தார்கள். இருவரும் பெண்கள்.

சீனியர் ஓய்வு பெற்று வந்த பிறகு, கீரனூரில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். பதவியில் இருந்தவரை ஒரு வழக்கைப் பற்றியும் என்னிடம் அவர் கேட்டதில்லை. கைகழுவிவிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தக் காளவாசல் கேஸ் என்னம்மா ஆச்சு?"

முழுவதையும் சொன்னேன். சுயேச்சை, சம ஓட்டு, ஜேசிபி, கரையில் நின்ற ஒன்றியச் செயலாளர். அவர் வாய்விட்டுச் சிரித்தார்; அப்படி நான் பார்த்தது அபூர்வம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இங்கேயே இருந்திருந்தா இன்னமும் அதைப் பேசிக்கிட்டேதாம்மா இருந்திருப்பேன்" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வாய்க்காலில் இப்போது தண்ணீர் எதுவரை போகிறது என்று கேட்டார். கடைசி மடைவரை போகிறது என்றேன். ஒருநாள் கூட்டிக்கொண்டு போ, பார்க்கணும் என்றார். அடுத்த வாரமே காரில் கூட்டிப் போனேன்.